குறுக்கே வந்தது யார்?



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். ஆசிரியர் அறையில் இரண்டு வாரமாக நாங்கள் கதைத்துக் கதைத்தும் ஆறாத ஒரு விடயத்தை இங்கே எழுதுகிறோம். சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை, வரட்டும்.

எங்கள் பிள்ளை ஒருவர் காலில் கம்பி வைத்துப் படுத்திருக்கிறார். பதினோராம் வகுப்பு, இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவர். மஃரிபுக்குப் பிறகு ரியூஷன் முடிந்து பிரதான வீதியால் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது பின்னால் வந்த வேன் தட்டியது. உயிர் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். பரீட்சை இருக்கிறதா என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

அன்று இரவே படம் முகநூலில் வந்துவிட்டது. வளைந்த சில்லு, சிதறிய கொப்பிகள். கீழே கருத்துகள். "இந்தப் பொடியன்மாருக்கு வீதி விளையாட்டு மைதானம்." "சைக்கிளுக்கு லைட் இல்லை, பிறகு வேன்காரனை ஏசுறதா?" "மூணு பேர் சேர்ந்தா முழு ரோட்டையும் பிடிச்சுக்கொண்டு போவானுகள்." மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. "வேன்காரனுகள் எல்லாம் பேய் பிடிச்சு ஓடுறானுகள்." "அடிச்சுப் போட்டிருக்கணும்." விடியும் வரைக்கும் இதுதான். சைக்கிள் கட்சி ஒன்று, வாகனக் கட்சி ஒன்று. அந்தப் பிள்ளையின் உம்மா அவ்வளவையும் வாசித்திருக்கிறார். வாப்பா கட்டாரில் இருந்து வாசித்திருக்கிறார். எழுதிய யாருக்காவது இது தெரியுமா?

நாங்கள் மூன்று பேர் பார்க்கப் போனோம். பிள்ளை அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சேர், நான் வேற என்ன செஞ்சிருக்கணும்?"

என்ன நடந்தது என்று கேட்டோம். அவர் வீதியின் இடது ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேதான் வந்திருக்கிறார். ரொட்டிக் கடைக்கு முன்னால் அந்த ஓரத்தை முழுதாக அடைத்துக்கொண்டு ஒரு ஓட்டோ நின்றிருக்கிறது. ஓட்டோவுக்குப் பக்கத்தில் இன்னொரு மோட்டார் சைக்கிள். இடது பக்கம் வடிகான், அதற்கு மூடி இல்லை. ஓட்டோவைச் சுற்றிப் போக வலது பக்கம் வெட்டி எடுத்திருக்கிறார். பின்னால் வேன்.

வேனை ஓட்டியவரும் எங்கள் பழைய மாணவர்தான். பழங்கள் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று அழுதார். "சேர், அல்லாஹ்வறிய, அவன் ஒரேயடியா குறுக்க வந்துட்டான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய ஆசனத்தில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். பிள்ளையும் பொய் சொல்லவில்லை. சைக்கிளில் இருந்து பார்த்தால் போக வேறு வழியே இல்லை.

அப்படியானால் குறுக்கே வந்தது யார்?

அந்த ஓட்டோவைப் பற்றி இரவு முழுக்க எழுதிய ஒருவர்கூடக் கேட்கவில்லை. ரொட்டி வாங்கியவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த விபத்தில் தனக்கு ஒரு பங்கு இருக்கிறதென்று அவருக்கு இன்று வரைக்கும் தெரியாது. அவரும் அந்தப் பதிவின் கீழே "இன்னாலில்லாஹ்" என்று போட்டிருக்கலாம்.

நாங்கள் சொல்ல வந்தது இதுதான். சைக்கிள்காரரும் சாரதியும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் இந்தச் சண்டை, திருடன் போன பிறகு இரண்டு அயல்வீட்டார் அடித்துக்கொள்வது போன்றது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போகக்கூடிய அந்த மூன்று, நான்கு அடி ஓரத்தைத் திருடியது நாம். நாம் எல்லோரும்.

நம்பாதவர்கள் ஒரு நாள் நடந்து பாருங்கள். மருதமுனையில் இருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரைக்கும் எந்த ஊரானாலும் சரி. ஏ4 வீதி நம் ஊர்களின் நடுவால் போகிறது. அது கொழும்பில் இருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் நெடுஞ்சாலை. நமக்கோ அதுதான் சந்தை வீதி, பாடசாலை வீதி, பள்ளிவாசல் வீதி, ஜனாஸா போகும் வீதி. தூர ஊர் பஸ்ஸும், மண் ஏற்றிய டிப்பரும், மீன் பெட்டி கட்டிய சைக்கிளும், மூன்று பிள்ளைகளை ஏற்றிய ஸ்கூட்டியும் ஒரே தாரில்தான் ஓட வேண்டும். வெள்ளைக் கோட்டுக்கு இடது பக்கம் என்ன இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு போங்கள். ஓட்டோ தரிப்பு. கடைக்காரர் வெளியே வைத்த கதிரை, அலுமாரி, வாழைக்குலை. வீடு கட்டுபவர் கொட்டிய மணல். உடைந்த கொங்கிரீட் மூடி. அதற்கு அடுத்து ஒரு கார், சாரதி உள்ளே இருந்து போன் பார்க்கிறார். நூறு மீற்றர் தொடர்ச்சியாக ஒரு சைக்கிள் போக இடம் இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள், நாங்கள் இந்தப் பதிவை அழித்துவிடுகிறோம்.

ஒவ்வொரு தடையிலும் சைக்கிள்காரர் வலது பக்கம் வெளியே வந்து திரும்ப உள்ளே போக வேண்டும். பின்னால் வரும் சாரதிக்கு அது பாம்பு போல் நெளிவதாகத் தெரிகிறது. "நேராப் போகத் தெரியாதா?" என்கிறார். நேராகப் போனால் ஓட்டோவுக்குள்தான் போக வேண்டும், சகோதரரே.

இப்போது சாரதிகளுக்குக் கொஞ்சம் கணக்கு. எங்கள் தொழில் அதுதானே.

ஊர்மனைக்குள் காருக்கும் வேனுக்கும் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். அந்த வேகத்தில் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடும். போன் வெளிச்சம் வந்தது, யாரென்று மூன்று செக்கன் பார்த்தீர்கள் என்றால் 42 மீற்றர், அதாவது இரண்டு கிரிக்கெட் பிட்ச் நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறீர்கள். வேகம் 80 ஆனால் செக்கனுக்கு 22 மீற்றர். வேகம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் கூடுகிறது, ஆனால் இடியின் சக்தி இரண்டரை மடங்கு. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இயக்கசக்தி கூடும் என்று எங்களிடம்தானே படித்தீர்கள்? பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கினீர்கள். வீதியில் மட்டும் ஏன் மறந்தது?

இன்னொரு கணக்கு. நம் ஊர்களில் கடைத்தெரு நீளமாகப் போனால் இரண்டு கிலோமீற்றர். அதை 40 இல் கடந்தால் மூன்று நிமிடம். 60 இல் கடந்தால் இரண்டு நிமிடம். இந்த ஓட்டம், இந்த ஹோர்ன், இந்த ஏச்சு எல்லாம் ஒரே ஒரு நிமிடத்துக்கு. அதுவும் வழியில் ஒருவரும் குறுக்கிடாவிட்டால்தான் கிடைக்கும். கிடைத்த ஒரு நிமிடத்தை அடுத்த சந்தியில் தேநீர் குடிக்கப் பாவிக்கிறோம்.

சைக்கிளுக்குப் பின்னால் பத்துச் செக்கன் பொறுக்க முடியாத நாம், அந்தச் சைக்கிளில் போவது யார் என்று பார்க்கிறோமா? சுபஹுக்குப் பிறகு மீன் எடுக்கப் போகும் காக்கா. மேசன் வேலைக்குப் போகிறவர். வயலுக்குப் போகிறவர். பள்ளிக்குப் போகும் வயதான ஹாஜியார். இவர்களை விட்டால் நம் பிள்ளைகள். வேறு வாகனம் வாங்க வசதி இல்லாதவர், வாங்க வயது வராதவர், வாங்கினாலும் ஓட்ட முடியாத முதியவர். ஹோர்ன் அடித்து நாம் விரட்டுவது இவர்களைத்தான். நமக்கு மேலே இருக்கிற டிப்பருக்கும் பஸ்ஸுக்கும் நாம் ஹோர்ன் அடிப்பதில்லை. ஒதுங்கிப் போகிறோம். இதற்குப் பெயர் வீதி ஒழுங்கு அல்ல, பயந்தவனிடம் வீரம்.

சைக்கிள் பக்கத்துக்கு நாங்கள் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். அங்கேயும் குறை இருக்கிறது.

இரவில் வெளிச்சமே இல்லாமல் ஓடும் சைக்கிள்கள் எத்தனை? முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு வெளிச்சம் வேண்டும். அந்தக் காலத்தில் டைனமோ லைட் இல்லாமல் வந்தால் பொலிஸ் பிடிக்கும் என்று நம் வாப்பாமார் பயந்தார்கள். இப்போது யாருக்கும் பயமில்லை. கறுப்பு அபாயா, கறுப்பு ரீஷேட், கறுப்புச் சைக்கிள், தெரு விளக்கு எரியாத இடம். சாரதி எப்படிக் காண்பார்? மூன்று பேர் கைகோத்துக்கொண்டு ஓடுவது, காதில் இயர்போன், சந்தியில் கை காட்டாமல் திரும்புவது, இதெல்லாம் நடக்கிறது. சிலர் எதிர்த்திசையில் ஓடுகிறார்கள். வாகனத்தை முன்னாலே காணலாமாம். 50 இல் வரும் வேனும் 15 இல் போகும் சைக்கிளும் ஒரே திசையில் போனால் வித்தியாசம் 35. எதிரெதிராக வந்தால் 65. கண்டு என்ன பயன்?

ஆனால் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். இரண்டு தவறும் தவறுதான், இரண்டின் விலையும் ஒன்றல்ல. சைக்கிள்காரர் தவறு செய்தால் அவருடைய கால் முறியும். சாரதி தவறு செய்தாலும் சைக்கிள்காரருடைய கால்தான் முறியும். சாரதிக்குப் பம்பரில் கீறல், அதற்கும் இன்சூரன்ஸ். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் நாம் யாரும் அனுமதிப்பத்திரம் கேட்பதில்லை. சாரதியிடம் கேட்கிறோம். பரீட்சை வைத்து, வைத்தியச் சான்றிதழ் எடுத்து, அரசாங்கம் அவருக்கு ஒரு அமானிதத்தைக் கொடுத்திருக்கிறது. பாரமான பொருளைக் கையில் வைத்திருப்பவனுக்குத்தான் பொறுப்பும் பாரம்.

"எல்லாம் கத்ர்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்கல் வைக்க வேண்டும் என்று சின்ன வகுப்பிலேயே படிக்கிறோம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றும் படிக்கிறோம், படிப்பிக்கிறோம். முள்ளையும் கல்லையும் அகற்றச் சொன்ன மார்க்கம், நாமே கொண்டுபோய் நிறுத்துகிற வாகனத்தைப் பற்றி என்ன சொல்லும்? ஜும்ஆவுக்கு நேரகாலத்தோடு போய் முன் ஸப்பில் உட்காருகிறோம். வெளியே நம் காரைச் சுற்றிப் போக வழியில்லாமல் ஒரு கிழவர் சைக்கிளை இறங்கி உருட்டிக்கொண்டு நடு வீதிக்கு வருகிறார். அந்த முன் ஸப்பின் நன்மையில் எவ்வளவு மிஞ்சும் என்று உலமாக்கள் நமக்கு ஒரு குத்பாவில் சொல்லித் தரட்டும்.

ஆசிரியர்களான எங்கள் பங்கையும் மறைக்கப் போவதில்லை. மஃரிபுக்குப் பிறகு ரியூஷன் வைப்பது யார்? நாங்கள். இருநூறு பிள்ளைகளை ஒரே நிமிடத்தில் இருட்டுக்குள் பிரதான வீதிக்கு விடுவது யார்? நாங்கள். எந்தப் பிள்ளையின் சைக்கிளுக்கு லைட் இருக்கிறது என்று ஒரு நாள் பார்த்திருக்கிறோமா? கட்டணம் கட்டவில்லை என்றால் மட்டும் பார்க்கிறோம். அந்தப் பிள்ளை "நான் வேற என்ன செஞ்சிருக்கணும்?" என்று கேட்டபோது நாங்கள் தலையைக் குனிந்ததற்குக் காரணம் இதுதான். அவர் கேட்க வேண்டிய கேள்வி அல்ல அது. நாங்கள் எங்களிடம் கேட்க வேண்டியது.

2022 ஐ ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பெற்றோல் இல்லை. வரிசையில் இரவு பகலாக நின்றோம். பிறகு கியூஆர் வந்தது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். அப்போது என்ன செய்தோம்? வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளை எடுத்து எண்ணெய் விட்டோம். அதிபர்மார் சைக்கிளில் வந்தார்கள், வங்கி முகாமையாளர் சைக்கிளில் வந்தார், சைக்கிள் விலை ஏறி வாங்க முடியாமல் போனது. வீதி அமைதியாக இருந்தது. "இப்படியே இருந்தால் எவ்வளவு நல்லது" என்று நாமே சொன்னோம். சொல்லி முடிவதற்குள் பெற்றோல் வந்துவிட்டது. அன்று சைக்கிளில் இருந்து டிப்பருக்குப் பயந்து ஒதுங்கிய அதே ஆள், இன்று காருக்குள் இருந்து சைக்கிளுக்கு ஹோர்ன் அடிக்கிறார்.

ஒல்லாந்தைச் சைக்கிள் நாடு என்கிறோம். அவர்கள் அப்படியே பிறந்தவர்கள் என்று நினைக்கிறோம். இல்லை. 1971 இல் அந்த நாட்டு வீதிகளில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதில் நானூறுக்கும் அதிகமானோர் சிறுவர்கள். தாய் தகப்பன்மார் "சிறுவர் கொலையை நிறுத்து" என்று வீதிக்கு இறங்கினார்கள். 1973 இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடாத வீதியைச் சனம் கண்டது. கண்டதை மறக்கவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் சைக்கிளுக்குத் தனிப் பாதை கேட்டு வாங்கினார்கள். நமக்கும் ஒரு எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. நாம் அதில் இருந்து எடுத்துக்கொண்டது வரிசையில் நின்ற செல்பி மட்டும்தான். நம் நாட்டில் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் வீதியில் இறக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கும் மேல். நாம் ஒவ்வொருவருக்கும் ஒரு "இன்னாலில்லாஹ்" போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போகிறோம்.

சும்மா ஏசிவிட்டுப் போக இதை எழுதவில்லை. செய்யக்கூடியது என்ன என்று சொல்கிறோம்.

எங்களில் இருந்து தொடங்குகிறோம். மாலை வகுப்புகளை மஃரிபுக்கு முன்னர் முடிக்க முதலில் எங்களுக்குள் பேசி உடன்பட்டிருக்கிறோம். முடியாத இடத்தில் வகுப்பு வகுப்பாக, பத்து நிமிட இடைவெளியில் விடுவோம். பின் லைட்டோ, சிவப்பு ரிஃப்ளெக்டரோ இல்லாத சைக்கிளுக்கு நாங்களே ஒன்று பூட்டிக் கொடுப்போம். ஒரு மாத ரியூஷன் காசுக்கு எத்தனையோ வாங்கலாம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களே, வெள்ளிக்கிழமை இளைஞர்கள் நான்கு பேரை வாசலில் நிறுத்துங்கள். வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே ஒரு வாகனமும் நிற்கக் கூடாது. உள்வீதிகளில் நிறுத்தி நூறு மீற்றர் நடந்து வரட்டும். எட்டுக்கும் நன்மை உண்டுதானே.

கடைக்கார சகோதரர்களே, உங்கள் கடை கதவோடு முடிகிறது. ஓரம் உங்கள் கடையின் நீட்சி அல்ல. ரொட்டி வாங்க வருபவரை இரண்டு கடை தள்ளி நிறுத்தச் சொன்னால் வியாபாரம் குறையாது.

மாநகர சபை, பிரதேச சபை உறுப்பினர்களே, வாக்குக் கேட்டு வரும்போது பொன்னாடை வேண்டாம், வடிகானுக்கு மூடி கொண்டு வாருங்கள். ஏ4 வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு என்று கைகழுவ வேண்டாம். ஓரத்தில் வியாபாரம் செய்ய வாடகை வாங்கத் தெரிகிற உங்களுக்கு, அதே ஓரத்தைக் காப்பாற்ற ஒரு கடிதம் எழுதத் தெரியாதா? பாடசாலை, ரியூஷன் உள்ள இடங்களில் வேகத்தைக் குறைக்க அறிவிப்பும் கோடும் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் படத்தைப் போடுங்கள், நாங்களே பகிர்கிறோம்.

சாரதிகளே, மூன்று விடயம் மட்டும். சைக்கிளைக் கடக்கும்போது ஒரு ஆள் படுக்கக்கூடிய அளவு இடைவெளி விடுங்கள். இடம் இல்லையா, பின்னால் பொறுங்கள். இரண்டாவது, வாகனத்தை நிறுத்தி இறங்கும்போது உங்கள் பக்கக் கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். இடது கையை நீட்டினால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும். மூன்றாவது, சைக்கிளுக்கு முன்னால் ஓட்டோ நிற்பதைக் கண்டால் அந்தச் சைக்கிள் வெளியே வரப் போகிறது என்று முன்னரே எண்ணிக்கொள்ளுங்கள். அது குறுக்கே வருவதல்ல. அதற்கு வேறு வழி இல்லை.

அந்த வேன் சாரதி மறுபடியும் வந்தார். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை வருகிறார். பிள்ளையின் உம்மா அவரைத் திட்டவில்லை. "மகன், இனி மெதுவா ஓட்டுங்க" என்று மட்டும் சொன்னாராம். அவர் பாடக் கொப்பிகளைக் கொண்டுவந்து கொடுக்கிறார், நாங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் கணிதம் செய்விக்கிறோம். முகநூலில் இரண்டு கட்சியாக நின்றவர்கள் யாரும் அந்த அறைக்கு வரவில்லை.

ரொட்டிக் கடைக்கு முன்னால் நேற்று மாலை போய்ப் பார்த்தோம். அதே இடத்தில் வேறொரு ஓட்டோ நிற்கிறது. வடிகானுக்கு இன்னும் மூடி இல்லை.

இன்று மஃரிபுக்குப் பிறகு உங்கள் வாகனம் எங்கே நிற்கிறது?

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. அந்தப் பிள்ளைக்கு துஆ செய்யுங்கள்.